ஹோம்ஸ் எந்த ஹவுஸ்?

ஷெர்லாக் ஹோம்ஸ் ரேவன்கிளா. பெக்கி ஷார்ப் ஸ்லிதரின். ஃப்ரோடோவை விட்டு அகலாத சாம் ஹஃபிள்பஃப். போரமிர் கிரிஃபிண்டார், இல்லை, கொஞ்சம் யோசித்தால் ஸ்லிதரின். ஹாரி பாட்டரோடு வளர்ந்த வாசகர்கள் எந்த நாவலைத் திறந்தாலும் ஐம்பதாவது பக்கம் வருவதற்குள் இந்தப் பங்கீட்டை முடித்துவிடுகிறார்கள். ஜே.கே. ரௌலிங் தன் ஏழு நாவல்களுக்காகக் கட்டிய ஹாக்வார்ட்ஸ் பள்ளியின் நான்கு ஹவுஸ்களில் இன்று உலகத்துக் கதைமாந்தர் அத்தனை பேரும் குடியேற்றப்பட்டுவிட்டார்கள்.

இதைச் செய்பவர்களிடம் கேட்டால் பொழுதுபோக்கு என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. துணிவு, அறிவு, உழைப்பும் விசுவாசமும், லட்சியமும் தந்திரமும் என்று மனித சுபாவம் நான்கு பக்கமாகப் பிரிகிறது. ரௌலிங் அவற்றுக்குப் பெயரும் நிறமும் விலங்கும் கொடுத்தார். ஒரு பாத்திரம் எந்தப் பக்கம் என்று கண்டுகொண்டால் அதன் உள்ளம் பிடிபட்டுவிடும் என்பது அவர்கள் வாதம். எழுதப் பழகுகிறவர்களுக்கும் இதையே யோசனையாகச் சொல்கிறார்கள்: கதாநாயகி எந்த ஹவுஸ் என்று முடிவுசெய்துகொண்டு எழுத உட்கார், பாத்திரம் இடையில் தடுமாறாது.

இந்த வாதம் அடியிலேயே தவறு என்று நினைக்கிறேன். ஹாக்வார்ட்ஸின் ஹவுஸ்கள் கட்சிகள். ஒருவர் யார் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுகிறார், யாருக்காகக் கைதட்டுகிறார் என்பதை அவை சொல்லும். அவர் எப்படிப்பட்டவர் என்பதை அந்தக் கதைக்குள்ளேயே அவற்றால் சொல்ல முடியவில்லை. பிறர் எழுதிய கதைகளுக்குள் போய் எப்படிச் சொல்லும்?

தொப்பியிடமே கேட்கலாம். 11 வயதில் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் தலையில் வைக்கப்பட்டு அவர்களை ஹவுஸ்களுக்குப் பிரிக்கும் அந்தக் கந்தல் தொப்பி காட்ரிக் கிரிஃபிண்டாருடையது. பள்ளியை நிறுவிய நால்வரும் உயிரோடு இருந்தவரை தங்களுக்கு வேண்டிய மாணவர்களைத் தாங்களே பொறுக்கிக்கொண்டார்கள். தாங்கள் போன பிறகு யார் பொறுக்குவது என்ற கவலை வந்தபோது தொப்பிக்குக் கொஞ்சம் மூளையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான்காம் நாவலில் (2000) தொப்பியே பாடும் வரலாறு இது. ஆக, ஹவுஸ்களின் குணங்கள் என்று நாம் ஒப்பிப்பவை நான்கு வாத்தியார்களின் சேர்க்கை விருப்பங்கள். கிரிஃபிண்டாருக்குத் துணிச்சல்காரர்களைப் பிடித்தது, ரேவன்கிளாவுக்குப் புத்திசாலிகளைப் பிடித்தது. ஒரு வாத்தியாருக்கு எந்த மாணவனைப் பிடிக்கும் என்பது வாத்தியாரைப் பற்றிய செய்தி. மனித சுபாவம் எத்தனை வகை என்ற கேள்வி அந்த நால்வரில் ஒருவருக்கும் எழுந்ததாகக் கதையில் இல்லை.

ஐந்தாம் நாவலின் (2003) பாட்டு இன்னும் வெளிப்படையானது. தூய வம்சத்தில் பிறந்தவர்களுக்கே கற்பிப்பேன் என்கிறார் சலஸார் ஸ்லிதரின். ஹெல்கா ஹஃபிள்பஃப் மிச்சம் இருப்பவர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டு, தனக்குத் தெரிந்ததை எல்லோருக்கும் ஒரேமாதிரி சொல்லிக்கொடுக்கிறார். (நால்வரில் வாத்தியார் என்று சொல்லத் தக்கவர் அவர் ஒருவர்தான், அது வேறு விஷயம்.) ஒரு ஹவுஸுக்கு அளவுகோல் நெஞ்சுரம், இன்னொன்றுக்கு மூளை, மூன்றாவதற்குப் பிறப்பு, நான்காவதற்கு அளவுகோலே கிடையாது. இதைச் சுபாவங்களின் பட்டியல் என்று எந்தக் கணக்கில் சொல்வது? முதல் நாவலின் பாட்டில் ஹஃபிள்பஃப்காரர்கள் பொறுமைசாலிகள், உழைப்பாளிகள், விசுவாசிகள் என்று வருவது உண்மைதான். அதே பாட்டில், உண்மையான நண்பர்கள் ஒருவேளை ஸ்லிதரினில் கிடைக்கக்கூடும் என்றும் வருகிறது. நட்பை ஸ்லிதரின் குணமாக எந்தப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. பாட்டிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிட்டோம்.

விட்டுவிட்டதில் பெரியது அந்தப் பிறப்பு விவகாரம். ஸ்லிதரின் என்றால் லட்சியம் என்று சுருக்கிக்கொண்டதால் வரும் கோளாறுக்குப் பெக்கி ஷார்ப்பே சாட்சி. தாக்கரேயின் 'வேனிட்டி ஃபேர்' (1847–48) நாவலில் அவள் ஒரு ஏழை ஓவிய வாத்தியாருக்கும் ஓப்பரா மேடையில் பிழைத்த பிரெஞ்சுக்காரிக்கும் பிறந்தவள். பணமும் குலமும் இல்லாமல், நாக்கையும் சிரிப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு லண்டன் சீமான்களின் வீடுகளுக்குள் ஏறிப் போகிறாள். அவளைப் போன்ற ஒருத்தி வந்து நின்றால் சலஸார் ஸ்லிதரின் படியேற விட்டிருப்பாரா? பிறப்பைக் கேட்டுக் கதவைச் சாத்தும் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ரௌலிங் ஏழு நாவல்களிலும் எழுதியது அந்தக் குல இறுமாப்பு எப்படிப் படிப்படியாகக் கொலையில் போய் முடிகிறது என்பதைத்தான். தாக்கரே எழுதியது சாத்திய கதவை ஒருத்தி எப்படி நெம்பித் திறக்கிறாள் என்பதை. சலஸாரையும் பெக்கியையும் ஸ்லிதரின் என்ற ஒரே சொல்லில் அடைத்தால், கதவைச் சாத்துகிறவரும் நெம்புகிறவளும் ஒரே வகை ஆகிவிடுகிறார்கள். இரண்டு நாவல்களின் அரசியலும் ஒரே வீச்சில் காணாமல் போகிறது.

ஹவுஸ் என்ற ஏற்பாடே சுபாவத்துக்காக உண்டானதில்லை. இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளில் ஹவுஸ் என்பது பையன்கள் தங்கும் கட்டடம். அதற்குப் பொறுப்பாக ஓர் ஆசிரியர். ரக்பி பள்ளியை வைத்து தாமஸ் ஹியூஸ் எழுதிய 'டாம் பிரவுன்ஸ் ஸ்கூல்டேஸ்' (1857) போன்ற விடுதிப் பள்ளிக் கதைகளின் வாரிசுதான் ஹாக்வார்ட்ஸ். அந்த ஆங்கிலேய ஏற்பாடு நம் ஊர் மெட்ரிகுலேஷன் பள்ளிகளுக்கும் வந்து, சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நின்றுவிட்டது. அங்கே யார் தலையிலும் தொப்பி வைப்பதில்லை. பதிவேட்டில் பெயர் இருக்கும் வரிசைப்படி பிரித்துவிடுவார்கள். ஆனாலும் விளையாட்டு விழா அன்று நீல ஹவுஸ் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்துவதைக் கேட்டால், நீலம் அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது என்று தோன்றும். பெஞ்சுத் தோழன் பச்சையாக இருந்தால் அன்றைக்கு மட்டும் அவன் ஏமாற்றுக்காரன்.

இதைச் சோதனை செய்தே பார்த்திருக்கிறார்கள். ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் பிரிட்டனில் 14, 15 வயதுப் பையன்களை இரண்டு குழுவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 1971-ல் வெளியானது. பால் கிளே ஓவியம் பிடித்தவர்கள் ஒரு குழு, கண்டின்ஸ்கி ஓவியம் பிடித்தவர்கள் இன்னொரு குழு என்று பையன்களிடம் சொன்னார்கள். உண்மையில் பிரித்தது கண்ணை மூடிக்கொண்டு. தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாத பையன்கள், காசு பங்கிடச் சொன்னபோது தங்கள் குழுவுக்குக் கூட்டிக் கொடுத்தார்கள். பெயர் முதலில் வந்தது. பாசம் பின்னால் வந்தது. ஹாக்வார்ட்ஸில் பெயரோடு நிற்பதில்லை. ஒரே மேசையில் சாப்பாடு, ஒரே கூடத்தில் படிப்பு, ஒரே அறையில் தூக்கம், ஒருவன் தப்பு செய்தால் மொத்த ஹவுஸுக்கும் மதிப்பெண் குறைப்பு, இப்படி ஏழு வருஷம். இத்தனைக்குப் பிறகு ஒரு ஹவுஸ்காரர்கள் ஒரேமாதிரி இருந்தால் அதில் தொப்பியின் ஞானம் எங்கே வந்தது? தொப்பிக்கே அந்தச் சந்தேகம் உண்டு. பிரிப்பதுதான் தன் வேலை, ஆனால் பிரிப்பதால்தான் கேடு வரப்போகிறதோ என்று ஐந்தாம் நாவலில் அது வாய்விட்டே புலம்புகிறது. தொப்பிக்கு இருக்கும் தயக்கம் அதன் ரசிகர்களுக்கு இல்லை.

சரி, மூலம் எப்படி இருந்தால் என்ன, கருவி வேலை செய்தால் போதாதா என்று கேட்கலாம். அதற்கு ஹோம்ஸை எடுத்துக்கொள்கிறேன். அவரைப் பற்றித்தான் யாருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

ரேவன்கிளாவின் உயிர் கல்வி, அறிவுக்காகவே அறிவைத் தேடுவது. கானன் டாயிலின் முதல் ஹோம்ஸ் நாவலான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'டில் (1887) வாட்சன் அதிர்ந்துபோகும் இடம் எது? பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதே ஹோம்ஸுக்குத் தெரியவில்லை. வாட்சன் சொன்ன பிறகு, நல்லது, இனி இதை மறக்க முயல்கிறேன் என்கிறார். வாட்சன் போடும் பட்டியலில் ஹோம்ஸின் இலக்கிய அறிவு பூஜ்யம், தத்துவம் பூஜ்யம், வானவியல் பூஜ்யம். தொழிலுக்கு உதவாத எதையும் தலைக்குள் விடாத மனிதர் இவர். பல்வேறு புகையிலைச் சாம்பல்களை, 140 வகை இருக்கும், பிரித்தறிந்து ஒரு சிறுநூலே எழுதுகிறார். இது மேதையின் மின்னல் வீச்சா, ஹஃபிள்பஃப் பொறுமையா? 'சார்லஸ் அகஸ்டஸ் மில்வர்ட்டன்' கதையில் (1904) பிளம்பர் வேடம் போட்டு, ஒரு வேலைக்காரப் பெண்ணுக்குக் கல்யாண ஆசை காட்டி நிச்சயம்வரை போகிறார். அந்த வீட்டின் உள்ளமைப்பு தெரிய வேண்டும் என்பதற்காக. அந்தப் பெண் என்ன ஆவாள் என்று வாட்சன்தான் பதறுகிறார். இது ஸ்லிதரின் வேலை என்றால் யார் மறுப்பார்? 'தி ஃபைனல் பிராப்ளம்' கதையில் (1893) வாட்சனைத் திருப்பி அழைக்க வந்த கடிதம் பொய் என்று தெரிந்தும் அவரை அனுப்பிவிட்டு, ரைகன்பாக் அருவியோரம் மோரியார்ட்டிக்காகத் தனியே காத்திருக்கிறார். கிரிஃபிண்டார்காரர்கள் இதற்குமேல் என்ன செய்துவிடுவார்கள்?

நான்கு ஹவுஸுக்கும் ஹோம்ஸ் பொருந்துகிறார். அவருக்கு மட்டுமா? ஓரளவு உயிரோடு எழுதப்பட்ட எந்தப் பாத்திரத்துக்கும் இப்படி நான்கு பக்கமும் சாட்சி திரட்டலாம். ராசிபலன் யாருக்கும் பலிப்பதும் இப்படித்தான். பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1948-ல் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சுபாவத் தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மதிப்பீடு தருவதாகச் சொல்லி, எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுத்தார். வாசகங்கள் பெரும்பாலும் கடையில் விற்ற ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. பொருந்துகிறது என்ற திருப்தி எதற்கும் நிரூபணம் ஆகாது என்பதற்கு இதைவிட மலிவான சோதனை இல்லை. பிரிட்டிஷ் பதிப்பகமான ப்ளூம்ஸ்பரி முதல் நாவலின் இருபதாம் ஆண்டை ஒட்டி 2017-ல் நான்கு ஹவுஸ் நிறங்களில் நான்கு பதிப்பு வெளியிட்டது. நாவல் நான்கிலும் ஒன்றுதான்.

இந்தப் பழக்கத்துக்கு இன்னொரு ஊற்றும் உண்டு. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் கொண்டுவந்தார்கள். ஆடுபவரின் பாத்திரம் ஒழுங்கின் பக்கமா, குழப்பத்தின் பக்கமா, நடுநிலையா என்று அதில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் ஆகியோரின் மாயக் கதைகளிலிருந்து வந்த எண்ணம் அது. அந்தக் கதைகளில் ஒழுங்கும் குழப்பமும் பிரபஞ்சத்தையே இரண்டாக்கி மோதிக்கொள்ளும் சக்திகள். நீ எந்தப் படையில் நிற்கிறாய் என்பதே கேள்வி. 1978-ல் வந்த விளையாட்டு நூலில் அது நன்மை தீமையோடு பெருக்கப்பட்டு ஒன்பது கட்டமாக விரிந்தது. படைப் பிரிவாக இருந்தது அதற்குப் பிறகு மெல்ல மெல்லச் சுபாவப் பிரிவாக வாசிக்கப்பட்டு, இன்று ஷேக்ஸ்பியர் மாந்தரிலிருந்து சமையலறைச் சாமான்வரை எல்லாவற்றையும் அந்த ஒன்பதில் அடைக்கிறார்கள். பேட்மேன் ஒருவரையே ஒன்பது கட்டத்திலும் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் அவர் வாயிலிருந்து வந்த வசனத்தையே ஆதாரம் காட்டும் படம் ஒன்று வெகுகாலமாகச் சுற்றுகிறது. சிரித்துவிட்டு அடுத்த பாத்திரத்தை அடைக்கப் போய்விடுகிறார்கள்.

வகையை முன்வைத்துக் கதை கட்டியவர்களே அதை எதற்காகக் கட்டினார்கள் என்றும் பார்க்க வேண்டும். வெரோனிகா ராத்தின் 'டைவர்ஜென்ட்' (2011) நாவலில் ஊரே ஐந்து குணப் பிரிவாகப் பிரிந்து வாழ்கிறது. கதாநாயகி எந்த ஒன்றிலும் அடங்காதவள் என்பதுதான் கதை. ஹாரியைத் தொப்பி ஸ்லிதரினுக்கு அனுப்பப் பார்க்கிறது, அவன் வேண்டாம் என்று கெஞ்சுகிறான், தொப்பி இணங்குகிறது. இரண்டாம் நாவலின் முடிவில் அவனுடைய தலைமையாசிரியர் டம்பிள்டோர் அவனுக்கு எடுத்துச் சொல்வதும் அதைத்தான்: உன்னிடம் என்ன இருக்கிறது என்பதைவிட நீ எதைத் தேர்ந்தாய் என்பது பெரிது. கிரிஃபிண்டாரில் இருக்கும் அவன் தோழி ஹெர்மயனியைத் தொப்பி ரேவன்கிளாவில் போடத் தீவிரமாக யோசித்தது என்று அவளே ஐந்தாம் நாவலில் சொல்கிறாள். தடுப்பைப் போடுவது தாண்டுவதைக் காட்டுவதற்காக. வாசகர்கள் தாண்டலை மறந்துவிட்டுத் தடுப்பை மட்டும் கழற்றி வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார்கள்.

இனி எனக்கு உண்மையாகவே கோபம் வரும் இடம். ஐம்பது பக்கத்துக்குள் வகை சொல்லும் வாசகருக்கு நாவல் என்ற வடிவமே எதிரானது. ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) இதையேதான் கதையாக எடுத்துக்கொண்டது. எலிசபெத் பென்னட் ஊருக்கு வரும் இரண்டு ஆண்களை உடனே வகைப்படுத்திவிடுகிறாள்: டார்சி கர்வி, விக்கம் நல்லவன். புத்திசாலிப் பெண், சாட்சியங்களும் அவள் பக்கம் இருப்பதாகத்தான் தெரிகிறது. இரண்டும் தவறு. அந்தத் தவறு தெரிந்து அவள் தன்னையே நொந்துகொள்ளும் இடத்தில் நாவல் திரும்புகிறது. ஆஸ்டின் முதலில் அதற்கு வைத்திருந்த தலைப்பே முதல் அபிப்பிராயங்கள் என்று பொருள்படும். அப்படிப்பட்ட நாவலைப் படித்து முடித்துவிட்டு, டார்சி எந்த ஹவுஸ் என்று ஒருவர் கேட்டால் அவர் எலிசபெத்திடம் ஒன்றும் கற்கவில்லை.

மக்பெத் நாடகத்திலும் இப்படி வகை சொல்பவர் ஒருவர் இருக்கிறார்: அவன் மனைவி. கணவனின் கடிதத்தை வாசித்துவிட்டு அவன் சுபாவத்தை அப்படியே பிட்டுவைக்கிறாள். ஆசை இருக்கிறது, ஆனால் ஆசைக்குத் துணையாக வேண்டிய கொடுமை இவனிடம் இல்லை, ஈரம் அதிகம் என்கிறாள். கூடவே வாழ்ந்தவள் சொல்கிற கணிப்பு. எந்தத் தொப்பியும் இவ்வளவு நெருக்கத்திலிருந்து சொல்லிவிட முடியாது. நாடகம் போகிற போக்கில் அந்த ஈரமுள்ளவன் நண்பனையும் குழந்தைகளையும் கொல்ல ஆள் அனுப்புகிறான். கொடுமைக்குக் குறைவில்லை என்று தன்னை நினைத்துக்கொண்டிருந்த அவள்தான் தூக்கத்தில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். அவள் கணிப்பு முதலிலேயே பொய்யாக இருந்தது என்றும் நான் சொல்லமாட்டேன். அந்தக் கொலை இரவுக்கு முன்னால் அது உண்மையாக இருந்திருக்கலாம். செயல் மனிதனை மாற்றுகிறது என்று ஷேக்ஸ்பியர் காட்டுகிறார். மக்பெத் லட்சியக்காரன், ஆகவே ஸ்லிதரின் என்பவர் நாடகத்தின் முதல் அரைமணி நேரத்தோடு எழுந்து போய்விட்டவர்.

போரமிரின் விஷயத்தில் இது ஒரே நாளுக்குள் நடக்கிறது. டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' (1954–55) கதையில் அவன் ஃப்ரோடோவிடமிருந்து மோதிரத்தைப் பிடுங்கப் பாய்கிறான். அன்றைக்கே மெர்ரியையும் பிப்பினையும் காப்பாற்ற ஓர்க்குகளோடு தனியே மோதி, உடம்பெல்லாம் அம்பு தைத்துச் சாகிறான். சாகும்போது அரகார்னிடம் தன் குற்றத்தை ஒளிக்காமல் சொல்கிறான். கிரிஃபிண்டாரா, ஸ்லிதரினா என்று இவனைப் பற்றி நடக்கும் வழக்கு முடிவே இல்லாதது, ஏனென்றால் இரு தரப்பும் பாதி நாளை மட்டும் வாசிக்கிறார்கள். தன் நாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே ஆவேசம்தான் காலையில் அவனைத் திருடனாக்கியது. அதே ஆவேசம் மாலைக்குள் அவனை மீட்டது என்று வாசிக்க எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் வேறுமாதிரி வாசிக்கலாம். நாம் இருவரும் வாதாட ஒரு விஷயமாவது இருக்கிறது.

என் வாதத்துக்கு வரும் பதில்களில் இரண்டைப் பேசத்தான் வேண்டும். முதலாவது, விளையாட்டுக்கு இவ்வளவு சீற்றமா என்பது. விளையாடட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் விளையாட்டாகத் தொடங்குவது அப்படியே நிற்பதில்லை. 'அவன் ஸ்லிதரின், அதனால்தான் அப்படிச் செய்தான்' என்று காரணமாகவே மாறிவிடுகிறது. அந்த 'அதனால்தான்' வந்த இடத்தில் வாசிப்பு நின்றுபோகிறது. ஏன் செய்தான் என்று கேட்க வேண்டிய இடத்தில் ஹவுஸ் பெயர் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இரண்டாவது கொஞ்சம் கனமானது: இலக்கியம் எப்போதும் வகைப்படுத்தியே வந்திருக்கிறது, உங்கள் தொல்காப்பியமே திணை வகுக்கவில்லையா என்று கேட்பார்கள். வகுத்தது. ஆனால் எதை வகுத்தது? குறிஞ்சி என்றால் புணர்தல், முல்லை என்றால் இருத்தல், மருதம் ஊடல், நெய்தல் இரங்கல், பாலை பிரிதல். ஆளுக்கு ஒரு திணை என்று அங்கே கிடையாது. ஒரு பாட்டில் குறிஞ்சியில் நிற்கும் தலைவியே இன்னொரு பாட்டில் பரத்தை வீட்டிலிருந்து திரும்பிய கணவனுக்குக் கதவைத் திறக்காமல் மருதத்தில் நிற்கிறாள். புறத்திலும் அப்படித்தான். ஆநிரை கவரும்போது வெட்சி, கோட்டையை வளைக்கும்போது உழிஞை, நேருக்கு நேர் பொருதும்போது தும்பை, மன்னன் ஒருவனே. ஒருவர் எந்த நிலைமையில் சிக்கியிருக்கிறார் என்று பார்க்கிற வகைப்பாடு அது. அகத்திணை மாந்தரின் பெயரைக்கூடச் சொல்லவிடவில்லை. அதைத் தொப்பிக்குச் சாட்சியாக அழைத்தால் சாட்சி எதிர்த்தரப்புக்குத்தான் பேசும்.

கடைசியாக, ரௌலிங்கின் வாசகர்களில் யோசிப்பவர்கள் எடுத்துவைக்கும் துருப்புச் சீட்டு ஒன்று இருக்கிறது. தொப்பி தவறு செய்யலாம் என்று கதையே ஒத்துக்கொள்கிறது, எனவே நாங்கள் ஆட்களைச் சரியான ஹவுஸுக்கு மாற்றிப் போடுகிறோம் என்கிறார்கள். ஸ்லிதரின்காரரான ஸ்னேப் உள்ளபடிக்கு கிரிஃபிண்டார், நண்பர்களைக் காட்டிக்கொடுத்த கிரிஃபிண்டார்காரன் பீட்டர் பெட்டிக்ரூ உள்ளபடிக்கு ஸ்லிதரின். ஏழாம் நாவலில் (2007) டம்பிள்டோர் ஸ்னேப்பிடம், நாம் பிள்ளைகளைச் சீக்கிரமே பிரித்துவிடுகிறோமோ என்று சில சமயம் தோன்றுகிறது என்று சொல்வதைத்தான் இதற்கு மேற்கோளாகக் காட்டுகிறார்கள். அந்தக் காட்சியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். ஆபத்து வரும்போது ஓடிவிடமாட்டேன், நான் கோழை அல்ல என்கிறார் ஸ்னேப். அதற்குப் பாராட்டாகத்தான் டம்பிள்டோர் இதைச் சொல்லிவிட்டு நடந்துபோகிறார். ஸ்னேப் அறை வாங்கியவர்போல் நிற்கிறார். ஏன் நிற்கமாட்டார்? துணிவு எங்கள் ஹவுஸின் சொத்து, அது உன்னிடம் இருக்கிறதென்றால் நீ எங்களிடம் வந்திருக்க வேண்டியவன் என்று சொல்லாமல் சொல்லிவிட்டார் கிழவர். பிரித்தலைக் குறை சொல்வதுபோல ஒலிக்கும் அந்த வாக்கியத்தில் பிரித்தல் முன்னைவிட இறுகிப்போகிறது. ஸ்லிதரினின் பச்சை உடையில் இருந்தபடியே ஒருவன் துணிந்தான் என்பதை டம்பிள்டோரால்கூட அப்படியே ஏற்க முடியவில்லை. ஸ்லிதரினில் படித்து, 18 வயதில் ஒரு வீட்டு எல்ஃபுக்கு இழைத்த கொடுமை பொறுக்காமல் கதையின் வில்லன் வோல்டமார்ட்டை எதிர்த்துச் செத்த ரெகுலஸ் பிளாக்கையும் இப்படியே கிரிஃபிண்டாருக்கு மாற்றிவிட்டால், பிறகு ஸ்லிதரினில் கெட்டவர்களைத் தவிர யாரும் மிஞ்சமாட்டார்கள். வகைப்பாடும் ஒருநாளும் தோற்காது.

பெட்டிக்ரூ விஷயத்தில் ரௌலிங்குக்கே சபலம் தட்டியிருக்கிறது. பின்னாளில் 'பாட்டர்மோர்' தளத்தில் எழுதிய குறிப்பு ஒன்றில், ஐந்து நிமிடத்துக்குமேல் தொப்பியைத் தடுமாற வைத்தவர்களில் பெட்டிக்ரூவும் ஒருவன் என்கிறார். அவனைக் கிரிஃபிண்டாரில் போட்டது பிழையாக இருக்கலாம் என்றும், அவன் செத்த விதத்தைக் காட்டித் தொப்பி இன்னும் பிடிவாதம் பிடிக்கிறது என்றும், அந்தச் சாட்சி சந்தேகத்துக்குரியது என்றும் சேர்த்துச் சொல்கிறார். இந்த ஒரு வழக்கில் நான் தொப்பியின் பக்கம். ஹாரியின் அப்பா ஜேம்ஸ், அவர் நண்பர்கள் சிரியஸ், லூப்பின் ஆகிய மூவரோடும் ஒரே ஹவுஸில் ஏழு வருஷம் வளர்ந்தவன் பெட்டிக்ரூ. அவர்கள் உண்ட மேசையில் உண்டான், அவர்கள் ரகசியங்கள் எல்லாம் அவனுக்குத் தெரியும். தங்கள் உயிரைக் காக்கும் ரகசியத்தை ஜேம்ஸும் அவர் மனைவி லில்லியும் அவனிடம் ஒப்படைத்தது அந்த ஏழு வருஷத்தை நம்பித்தான். அவனைப் பச்சைக்கு மாற்றிவிட்டால் அவர்கள் ஏன் நம்பினார்கள் என்பதற்கு விளக்கமே இருக்காது. மூன்றாம் நாவலில் எலியாக இருந்தவன் மனிதனாக எழுந்து நிற்கும்போது சிரியஸின் குரல் ஏன் அப்படி நடுங்குகிறது என்பதற்கும் இருக்காது.